வேலூர் வட்டார வீடுகளுக்கான சலவை அறை: தண்ணீரிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பகுதிகளில் இன்று எழும்பும் வீடுகளின் வரைபடங்களில், சமையலறைக்குப் பின்னால் மூன்றடிக்கு ஆறடி அளவில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ‘யுடிலிட்டி’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. பாத்திரம் தேய்ப்பதும், துணி துவைப்பதும், எரிவாயு உருளை நிற்பதும், துடைப்பமும் பழைய செய்தித்தாளும் ஒதுங்குவதும் அந்த ஒரே கட்டத்துக்குள்தான். வீடு குடியேறிய பிறகு, அங்கே சலவை எந்திரம் வந்து சேர்ந்ததும் கதவு முழுதாகத் திறக்காது, நுரைத் தண்ணீர் தரையில் தேங்கும், மழைக்காலத்தில் ஈரத்துணி வரவேற்பறை நாற்காலிகளின் மேல் வந்து அமரும். வீட்டில் நாள்தோறும் நடக்கும் வேலைகளில் சமையலுக்கு அடுத்தபடியாக நேரத்தையும் உடல் உழைப்பையும் கேட்பது சலவைதான். அதற்குச் சமையலறைக்குத் தருகிற அக்கறையில் பாதியையாவது தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பளபளக்கும் அலமாரிகளின் படங்களைப் பார்த்துவிட்டு இந்த அறையைத் திட்டமிடத் தொடங்குவோர் பலர். நம் வட்டாரத்தில் அந்த வரிசை பயன் தராது. இங்கே ஒரு சலவை அறை நன்றாக அமைகிறதா என்பதை முடிவு செய்பவை இரண்டு: ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் நீரின் கடினத்தன்மை, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துணி காய்வதற்கான வழி. இந்த இரண்டுக்கும் விடை கண்ட பிறகே எந்திரம், கல், அலமாரி, வண்ணம் ஆகியவற்றுக்கு வர வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதற்படி: வீட்டுக்கு வரும் தண்ணீரை அறிந்துகொள்ளுதல்

நம் பக்கத்து வீடுகள் பலவற்றுக்குத் தண்ணீர் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் முறை வைத்துத் தெருக்குழாய் வழியாகத் தரைத்தொட்டிக்கு வரும். கோடையில் கிணறு வற்றினால் லாரித் தண்ணீர் வாங்குவோம். மூன்றின் தன்மையும் வேறு வேறு. பாறைகளின் இடுக்குகளில் ஊறி வரும் ஆழ்துளை நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருக்கும். இவை சோப்போடு சேரும்போது கரையாத ஒரு படிவை உண்டாக்குகின்றன. அந்தப் படிவுதான் வெள்ளைச் சட்டையைச் சில மாதங்களில் சாம்பல் நிறமாக்குகிறது, துண்டைச் சொரசொரப்பாக்குகிறது. வெந்நீரில் துவைக்கும் எந்திரங்களில் நீரைச் சூடாக்கும் கம்பியின் மேல் கால்சியமும் மக்னீசியமும் சுண்ணாம்பாகப் படிந்து, சூடேற எடுக்கும் நேரத்தையும் மின்செலவையும் கூட்டி, கடைசியில் கம்பியையே எரித்துவிடுகிறது.

எனவே வரைபடம் போடுவதற்கு முன்பே தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். அறிக்கையில் ‘மொத்தக் கடினத்தன்மை’ என்ற வரியைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் வகுத்திருக்கிறது. 200-க்குள் இருந்தால் சலவைக்குத் தனி ஏற்பாடு பெரும்பாலும் தேவைப்படாது. 300-ஐத் தாண்டினால் தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்கு வரைபடத்திலேயே இடம் ஒதுக்கிவிடுவது நல்லது. கையடக்க டி.டி.எஸ். கருவியைத் தண்ணீரில் தோய்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுமே தவிர, சோப்பைக் கெடுக்கும் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

மென்மையாக்கும் கருவியின் உள்ளே இருப்பது மணிமணியான ஒரு வகைப் பிசின். அது நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது; பிடிக்கும் திறன் தீர்ந்ததும் உப்புக்கரைசலால் கழுவினால் மறுபடியும் வேலை செய்யத் தொடங்குகிறது. எவ்வளவு பெரிய கருவி வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். உங்கள் நீரின் கடினத்தன்மை 600 என்றும், கைத்துவையலும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 லிட்டர் செலவாகிறது என்றும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் நாளொன்றுக்கு 90 கிராம் கடினத்தன்மையை நீக்க வேண்டும். ஒரு லிட்டர் பிசின் ஏறத்தாழ 40 முதல் 60 கிராம் வரை பிடிக்கும் என்பதால், 10 லிட்டர் பிசின் உள்ள கருவியை ஐந்து நாளுக்கு ஒருமுறை உப்பால் கழுவினால் போதும். ஒவ்வொரு முறையும் ஒன்றரைக் கிலோ அளவில் உப்பு செலவாகும். எந்திரத்தின் குழாயில் திருகிவைக்கும் சிறு கருவிகளில் ஒன்றிரண்டு லிட்டர் பிசினே இருக்கும். 600 கடினத்தன்மையுள்ள நீருக்கு அவற்றை வைத்தால் ஏறத்தாழ நாள்தோறும் கழுவ வேண்டிவரும், அப்படிக் கழுவுவோர் அரிது. வீட்டுத் தண்ணீர் முழுவதையும் மென்மையாக்குவது கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் வீண்செலவு. சலவை அறைக்குப் போகும் ஒரு கிளையை மட்டும் மென்மையாக்கினால் போதுமானது.

இதில் ஒரு வரம்பு உண்டு. கருவி கடினத்தன்மையை நீக்குமே தவிர உப்பைக் குறைக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை நீண்டது. உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டிலேயே அது குறித்துத் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பக்கங்களில் கிணற்று நீர் உவர்ப்பாகவே இருந்தால், கருவிக்குச் செலவிடுவதைவிடத் தெருக்குழாய் நீருக்கெனத் தரைத்தொட்டியிலிருந்து தனிக்குழாய் ஏற்றி, எந்திரத்துக்கு அதை மட்டும் கொடுப்பது நல்லது.

மழைநீரையும் மறந்துவிட வேண்டாம். வானிலிருந்து விழும் நீரில் கடினத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். வழிந்தும் ஆவியாகியும் போவதைக் கழித்தாலும் எண்ணூறு லிட்டராவது தேறும். மழைநீர்ச் சேமிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில், எல்லா நீரையும் நிலத்துக்குள் விடுவதற்கு முன், வடிகட்டி வைத்த ஒரு தொட்டியில் கொஞ்சத்தைச் சலவைக்குத் தேக்கிவைக்கலாம். ஆனால் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீரைச் சேமித்து எந்திரத்தில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூல நீரைவிட அதில் உப்பும் கடினத்தன்மையும் கூடுதல். தரை துடைக்க அது போதும்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் வீடுகளில் நான்கு இடங்கள் வாய்க்கின்றன: சமையலறையின் பின்பக்கம், புழக்கடை, மாடிப்படியின் அடிப்பகுதி, மொட்டை மாடியிலுள்ள படிக்கட்டு அறை. துணி காயும் இடத்துக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக மாடியறையைப் பலர் விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தில் நியாயம் உண்டு; ஈரத்துணிக் கூடையைச் சுமந்து படியேறுவது முதுகுக்குக் கேடு. ஆயினும் அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூரின் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, சுற்றிலும் வெயில் படும் அந்தச் சிற்றறை கொதித்துவிடும். எந்திரத்தின் மின்னணுப் பலகைக்கும் அதில் நின்று வேலை செய்பவருக்கும் அது நல்லதில்லை. தண்ணீர் அழுத்தக் குறைவும் அங்கே உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். முதியவர்கள் துவைக்கும் வீடாக இருந்தால் தரைத்தளமே சரி. மாடியில்தான் வேண்டும் என்றால், கூரைக்கு வெண்ணிற வெப்பத்தடுப்பு ஓடு பதித்து, மேற்குச் சுவரில் சன்னல் வைக்காமல், எந்திரத்தை வடக்கு அல்லது கிழக்குச் சுவரோரம் நிறுத்துங்கள்.

எந்த இடமானாலும் இரண்டு சுவர்களில் திறப்பு வேண்டும். ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும் என்பதால், அந்தப் பக்கத்துத் திறப்புக்கு மேல் இரண்டடி நீளும் சன்ஷேடும், கீழ்நோக்கிச் சாய்ந்த பலகைகளும் தேவை. கொசுவலையும் மறவாமல் போடுங்கள்.

எரிவாயு உருளையை இந்த அறையில் வைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். அதே தரையில் மோட்டாரும் சுவிட்சும் உள்ள எந்திரம் ஓடுவது பெரும் அபாயம்.

மூன்றாம் படி: அளவும் துணியின் பாதையும்

வசதியாக நின்று வேலை செய்ய ஐந்தடிக்கு ஏழடி குறைந்தபட்ச அளவு. முன்பக்கம் துணி போடும் எந்திரம் பொதுவாக 60 செ.மீ. அகலமும் 85 செ.மீ. உயரமும் உடையது, ஆழம் 45 முதல் 65 செ.மீ. வரை மாடலுக்கு மாடல் மாறும். குழாய்கள் நசுங்காமல் இருக்கப் பின்னால் 10 செ.மீ. விடுங்கள்; கதவைத் திறந்து குனிந்து துணியை எடுக்க முன்னால் ஒரு மீட்டர் வேண்டும். மேலே மூடி திறக்கும் எந்திரமாக இருந்தால், மூடி நிமிர்ந்து நிற்கும் உயரத்தை அளந்த பிறகே மேல் அலமாரியின் இடத்தைக் குறிக்க வேண்டும். அறையின் வாசல் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. இரண்டடிக் கதவு போட்டுவிட்டால் எந்திரத்தை உள்ளே கொண்டுபோக நிலையையே பெயர்க்க வேண்டிவரும்.

இடத்தை நிரப்பும்போது, துணி எந்த வழியாக நகர்கிறது என்று மனத்தில் நடந்து பாருங்கள். அழுக்குக் கூடையிலிருந்து பிரித்தல், ஊறவைத்தல், கல்லில் தேய்த்தல், எந்திரம், ஈரக்கூடை, கொடி, மடித்தல் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் அடுத்ததன் பக்கத்திலேயே இருந்தால், ஐந்தடி அறையும் பெரிதாகத் தோன்றும். அழுக்குத் துணிக்கு மூன்று கூடைகள் வையுங்கள்: வெள்ளை, நிறத்துணி, தனியாகத் துவைக்க வேண்டியவை. மூன்றாவது கூடைக்கு நம் ஊரில் கூடுதல் காரணங்கள் உண்டு. மருத்துவமனைகளில் பணிபுரிவோர் மிகுந்த ஊர் இது. பணி உடைகளை வீட்டுத் துணிகளோடு கலக்காமல், துணி தாங்குமானால் 60 பாகை வெந்நீரில் தனியே துவைப்பது நல்லது. குடியாத்தத்துக் கைலி முதல் சில துவையல்களில் சாயம் விடக்கூடும். ஆரணிப் பட்டு எந்திரத்துக்கே வரக்கூடாது.

எந்திரம் வந்துவிட்டதால் துவைக்கும் கல் வேண்டாம் என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. சட்டைக் கழுத்துப்பட்டை, பள்ளிச் சீருடையின் முழங்கால், வேட்டிக்கரை, கால்மிதி, சமையலறைத் துணி ஆகியவற்றைக் கையால் ஒருமுறை தேய்த்தால்தான் அழுக்குப் போகும். குந்தி உட்கார்ந்து துவைக்கும் பழைய கல்லுக்குப் பதிலாக, நின்றபடி துவைக்கும் மேடையாக அதை அமையுங்கள். துவைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கும்போது, முழங்கைக்குச் சுமார் 15 செ.மீ. கீழே கல்லின் மேற்பரப்பு இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது 80 முதல் 90 செ.மீ. உயரமாக அமையும். கடப்பா கல் மலிவுதான், ஆனால் சோப்பு நீரில் நாளடைவில் வெளிறிப்போகும். நம் வட்டாரத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. மெருகிடாத சொரசொரப்பான முகம் மேலே வருமாறு ஒரு பலகையைப் பதித்து, பக்கத்திலேயே ஒன்பது, பத்து அங்குல ஆழமுள்ள ஒரு தொட்டியும் வைத்துவிட்டால், ஊறவைப்பதற்கும் அதுவே போதும்.

நான்காம் படி: தரையும் வடிகாலும்

பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில் என்பேன். ஓடு பதித்த பிறகு திருத்த முடியாதவை எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

அறையின் தரை, பக்கத்து அறையைவிட இரண்டு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். மாடித்தளமானால் ஸ்லாபைத் தாழ்த்தி வார்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைச் சுவரிலும் ஓரடி உயரத்துக்கு ஏற்றிப் பூசச் சொல்லுங்கள். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீரைத் தேக்கி இரண்டு நாள் விட்டு, கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஓடு பதிக்க அனுமதியுங்கள். கொத்தனார் அவசரப்பட்டாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். தரை வாட்டம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் நகானி ட்ராப்பை (தரை நீர் வடியும் துளைக்கு அடியிலுள்ள கிண்ணத்தை) நோக்கி இறங்க வேண்டும். ட்ராப்பை எந்திரத்துக்கு அடியில் மறைக்காமல், கையை விட்டுச் சுத்தம் செய்யக்கூடிய இடத்தில் வையுங்கள். ஓடு, சொரசொரப்பான வழுக்காத வகையாக இருக்கட்டும். இணைப்புகளில் சிமென்ட் க்ரௌட்டுக்குப் பதிலாக எபாக்ஸி க்ரௌட் நிரப்பினால், சோப்பு நீரால் அரிக்கப்பட்டுக் கருப்பதில்லை.

எந்திரத்தின் கழிவுநீர்க் குழாயை நகானி ட்ராப்பின் மேல் சும்மா போட்டுவிடுவதுதான் நம் பக்கம் பரவலாகக் காணும் பழக்கம். பம்பு ஒரே மூச்சில் தள்ளும் நீரை ட்ராப் உள்வாங்க முடியாமல் நுரை பொங்கித் தரையில் பரவும். எந்திரத்தின் அடித்தகடு துருவேறுவது இதனால்தான். சுவருக்குள் 50 மி.மீ. குழாய் ஒன்றைத் தரையிலிருந்து 60 முதல் 90 செ.மீ. உயரத்தில் வாய் திறந்திருக்குமாறு நிறுத்தி, அடியில் நாற்றம் ஏறாதபடி நீர்ப்பூட்டு வளைவு கொடுத்து, எந்திரத்தின் குழாயை அதில் செருக வேண்டும். எந்திரம் நிற்கும் இடத்தில் நான்கு அங்குல உயரத்துக்குச் சிமென்ட் மேடை கட்டி ஓடு பதித்துவிடுங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டுகள் துணி பிழியும் வேகத்தில் நடுங்கி நகரும். எந்திரத்தின் பேரிங்குகள் தேய்வதற்கும் அது காரணமாகும்.

பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் இந்த நீரைக் கழிவறையின் செப்டிக் தொட்டிக்குள் விடாதீர்கள். ஒரேயடியாகப் பாயும் நீர் தொட்டியில் அடங்கிய கசடைக் கிளறி வெளியே தள்ளும். ப்ளீச் கலந்த நீர் அங்கே கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும். தனி உறிஞ்சுகுழிக்கோ, வாழைக்கும் தென்னைக்குமோ அதைத் திருப்பலாம். ப்ளீச் சேர்த்த நீரும், மென்மையாக்கும் கருவியைக் கழுவிய உப்புநீரும் செடிக்குப் போகாதவாறு ஒரு வால்வு வைத்துக்கொள்வது அவசியம். சோடியம் மிகுந்தால் மண் இறுகிவிடும்.

ஐந்தாம் படி: குழாய் அழுத்தமும் மின்சாரமும்

தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். முன்பக்கம் துணி போடும் எந்திரங்கள் பல 0.3 பார் அளவையாவது கேட்பவை. வாங்குமுன் கையேட்டில் சரியான எண்ணைப் பாருங்கள். தரைத்தளத்தில் ஒரு மீட்டர் உயரத்தில் குழாய் இருந்து, மேல்நிலைத் தொட்டியின் அடிப்பகுதி நாலரை மீட்டர் உயரத்தில் இருந்தால், இடைவெளி மூன்றரை மீட்டர், அழுத்தம் 0.35 பார், எந்திரம் ஓடிவிடும். அதே எந்திரத்தை மொட்டை மாடியில், ஒன்றரை மீட்டர் மேடை மேல் நிற்கும் தொட்டியின் அருகில் வைத்தால், இடைவெளி அரை மீட்டர்தான். தண்ணீர் நிரம்புவதற்குள் எந்திரம் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். மென்மையாக்கும் கருவியும் வழியில் கொஞ்சம் அழுத்தத்தை விழுங்கும். மாடியறைக்காரர்கள் சிறிய அழுத்த பம்பு ஒன்றுக்குக் குழாயும் மின்னிணைப்பும் ஒதுக்கிவைப்பது நல்லது. அறையில் மென்னீருக்கு ஒன்று, மூல நீருக்கு ஒன்று என இரண்டு குழாய்கள் இருக்கட்டும். எந்திரத்தின் குழாயைப் பின்னால் ஒளிக்காமல், கை எட்டும்படி பக்கவாட்டில் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே வைத்து, மணலையும் துருவையும் பிடிக்கச் சல்லடை வடிகட்டி ஒன்றைச் சேருங்கள்.

நீரைச் சூடாக்கும் எந்திரம் 2000 வாட் வரை இழுக்கும். அதற்கென்று தனி எம்.சி.பி.யிலிருந்து (சுமை மிகுந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சிலிருந்து) 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பி இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் பொருத்த வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்கு வேறொரு இணைப்பு. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் அறை என்பதால், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இங்கே கட்டாயம், எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டுகள் தரையிலிருந்து நான்கடிக்கு மேல், துவைக்கும் தொட்டியிலிருந்து விலகி, மூடியுள்ள வகையாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: உலர்த்துதல்

சித்திரை, வைகாசியில் இங்கே துணி காய்வது ஒரு பொருட்டே இல்லை. எட்டு முழ வேட்டியும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அப்போது கவலைப்பட வேண்டியது நிறம் வெளுப்பதைப் பற்றித்தான்: நிறத்துணியை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டு, நண்பகலுக்குள் எடுத்துவிட வேண்டும். பட்டும் மெல்லிய பருத்திச் சேலையும் நிழலில்தான் காய வேண்டும்.

சோதனைக்காலம் ஐப்பசியும் கார்த்திகையும். நிமிடத்துக்கு 1200 சுற்றில் பிழிந்த பின்னும், ஆறு கிலோ பருத்தித் துணியில் ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீர் எஞ்சியிருக்கும். 700 சுற்று எந்திரமானால் இன்னும் மிகுதி. அந்த மூன்று லிட்டரும் ஆவியாகி எங்காவது போயாக வேண்டும். சன்னலை அடைத்துவிட்டு வீட்டுக்குள் உலர்த்தினால், அது சுவரிலும் மரத்திலும் ஏறி, பூஞ்சணமாகவும் முடைநாற்றமாகவும் வெளிப்படும். ஆகவே கூரைக்குக் கீழே, மழை படாத, காற்று ஓடும் உலர்த்துமிடம் ஒன்று சலவை அறையோடு ஒட்டியே வேண்டும். கயிற்றை இழுத்தால் இறங்கும் கப்பித் தாங்கிகள் சிறிய அறைக்கு ஏற்றவை. கூரையில் ஒரு மின்விசிறியும், எதிர்ச்சுவரில் மேற்புறமாக ஒன்பது அங்குல வெளியேற்று விசிறியும் சேர்ந்து ஓடினால், இரவில் போட்ட துணி காலையில் மடிக்கத் தக்கதாகிவிடும். பிழியும் வேகம் கூடுதலான எந்திரத்துக்குச் சற்று அதிக விலை கொடுப்பதை நான் ஆதரிப்பது இந்த மாதங்களை நினைத்துத்தான்.

கொடியின் நீளத்தைக் குத்துமதிப்பாக விடாதீர்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர், எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் நீளவாக்கில் பாதியாக மடித்துப் போட்டாலும், போர்வையும் சட்டைகளும் சேர்ந்தால் நான்கு பேர் வீட்டுக்குப் பதினைந்து முதல் இருபது மீட்டர் தேவைப்படும். கொடிகளுக்கிடையே ஓரடி இடைவெளி இருந்தால்தான் காற்று நுழையும். நைலான் கயிறு நம் வெயிலில் இற்றுப்போய்த் துணியில் தூள் உதிர்க்கும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒருமுறைச் செலவு.

ஏழாம் படி: அலமாரியும் அழகும்

கடின நீருள்ள ஊரில் அழகு என்பது எந்த நிறத்தில் உப்புக்கறை தெரியாது என்பதோடு தொடங்குகிறது. கருப்பு கிரானைட்டும் அடர்நிறப் பளபளப்பு ஓடும் கடையில் கண்ணைப் பறிக்கும். இரண்டே வாரத்தில் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகக் காயும். மங்கலான மேற்பரப்புள்ள வெளிர் சாம்பல், மணல் நிறம், இளம்பச்சை ஆகியவை இங்கே நெடுநாள் அழகாக இருப்பவை. சுவரில் நான்கடி உயரத்துக்கு ஓடு, அதற்கு மேல் கழுவத்தக்க வண்ணம். காற்றுக்காக வைக்கும் திறப்பில் சுடுமண் ஜாலி பதித்தால், காலை வெயில் தரையில் கோலமிடுவது போல் விழும். இந்த அறைக்கு வேறு அலங்காரம் தேடத் தேவையில்லை. விளக்கு மஞ்சளாக இருந்தால் கறை கண்ணுக்குத் தப்பிவிடும், ஆகவே 4000 கெல்வின் அளவிலுள்ள வெண்ணொளியைக் கல்லுக்கு நேர் மேலே பொருத்துங்கள்.

அலமாரிக்கு மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம், ஈரத்தில் உப்பிப்போகும். அலுமினியமோ, நீர் ஏறாத பி.வி.சி. கலவைப் பலகையோ போதும். தரையிலிருந்து அரையடி உயர்த்திப் பொருத்தினால் கழுவித் துடைக்க எளிது. சோப்புத்தூளையும் கிளிப்புகளையும் திறந்த தட்டில் வைக்கலாம். ப்ளீச்சும் அமிலமும் குழந்தைகளின் கை எட்டாத உயரத்தில், பூட்டோடு, தனித்தனித் தட்டுகளில் இருக்க வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

மடிப்பதற்கு எந்திரத்தின் மேலேயே ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு மேடை போட்டுவிட்டால், தனி மேசை தேவைப்படாது. தெருமுனையில் வண்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரரிடம் துணி கொடுக்கும் வீடுகளில், வாசலை ஒட்டி ஒரு தட்டும், போன துணியின் எண்ணிக்கையை எழுதச் சிறு பலகையும் வைத்துவிடுங்கள். மூட்டை சோபாவில் கிடப்பது நின்றுவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரையும் தரையையும் தொட முடியாவிட்டாலும், குழாயில் வடிகட்டி, சுவரோரம் மடக்கும் உலர்த்தி, மூன்று கூடைகள், உரிமையாளரின் ஒப்புதலோடு ஆர்.சி.சி.பி. ஆகியவற்றைச் செய்துகொள்ளலாம்.

எட்டாம் படி: ஓடு பதிக்குமுன்னும் எந்திரம் வந்த பின்னும்

சுவருக்குள் குழாயும் கம்பியும் போன பாதையை, அளவுநாடா தெரியும்படி, பூசுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னாளில் ஆணி அடிக்கும்போது அது உதவும். புதிய எந்திரத்தின் பின்பக்கம், வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்க முடுக்கிய போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் எந்திரம் குதித்து உடைந்துவிடும். கழற்றியவற்றை வீடு மாறும்போது பயன்படுத்தப் பத்திரப்படுத்துங்கள். மட்டப்பலகை வைத்து நான்கு கால்களையும் சமன் செய்த பின், துணியில்லாமல் ஒரு முழுச்சுற்று ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு பராமரிப்பு மிகக் குறைவு. ரப்பர் வளையத்தை ஒவ்வொரு துவையலுக்குப் பின்னும் துடைத்துக் கதவைத் திறந்துவையுங்கள். மாதம் ஒருமுறை சல்லடை வடிகட்டியையும், பம்பின் முன்னுள்ள சிறு வடிகட்டியையும் கழற்றிக் கழுவுங்கள். மென்மையாக்கும் கருவி இல்லாத வீடுகளில், கையேடு தடுக்கவில்லையானால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் அமிலத்தைப் போட்டு 60 பாகையில் வெறுமனே ஓட்டினால், படிந்த சுண்ணாம்பு கரைந்துவிடும். கருவி உள்ள வீடுகளில் உப்புப் பையை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, கழுவிய தேதியைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். கோடையில் லாரித் தண்ணீருக்கு மாறும் வாரத்தில் கடினத்தன்மையை மீண்டும் சோதித்து, கழுவும் இடைவெளியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.